விளக்கிச் சொல்லப்பட்டது

எனக்கு வேலை கிடைத்ததற்குப் பாதிக் காரணம் என் படிப்பு. மீதிக் காரணம் என் இடது கால். இதைச் சொன்னால் எங்கள் இயக்குநருக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டால் எனக்கு வரும். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன கால், அதில் தொடையிலிருந்து இரும்புக் காலிபர். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓடாத நெல் மில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மாற்றுத்திறனாளிகளை வைத்துத் துணிப்பை தைத்த தொண்டு நிறுவனம் எங்களுடையது. அங்கே மனிதவள அலுவலராக நான் சேர்ந்த வருடமே ஆண்டறிக்கையின் அட்டையில் என் படம் வந்தது. முகம் பாதி, காலிபர் முழுசு.

மனிதவளம் என்றால் ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, விடுப்பு பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றதும் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, மூன்று பேரை நிறுத்த வேண்டும் என்றார்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா எவனோ மெட்ராஸ்காரன் வந்து சொல்றான்னு இருக்கும். உங்களைப் பாத்தா அவங்களுக்குக் கோவம் வராது."

பூனைக்கு மணி கட்ட நொண்டி எலியே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். போனேன், சொன்னேன். அவர் சொன்னது சரிதான், யாரும் கோபப்படவில்லை. கண் தெரியாத பெரியவர் ஒருவர் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவ பாவம், உன் நெலமையே அப்பிடிக் கீது" என்றார். அன்றிலிருந்து அதுவே என் வேலை ஆகிவிட்டது. நான் ஃபைலோடு தையல் கூடத்துக்குள் நுழைந்தால் மிஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும். நான் நிறுத்தியவர்கள் பிறகு ஏரிக்கரையில் எதிரே வந்தால் என் உடம்பை விசாரிப்பார்கள். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். இதற்கிடையில் என் பதவியும் ஒரு படி ஏறியது.

மனசு உறுத்தியதால் ஒரு விதி எழுதினேன். யாருக்கு எந்தக் கடிதம் கொடுத்தாலும், அவருக்குப் புரிகிற வழியில், அவரே தேர்ந்தெடுத்த ஒருவர் அதை விளக்க வேண்டும். விளக்கியவர் 'விளக்கிச் சொல்லப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு நிறுவனங்கள் கூப்பிட்டு இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். செங்கல்பட்டில் ஒரு பயிற்சியில் கை தட்டினார்கள். கோபுரத்தைத் தாங்குகிற பொம்மைக்கு இருக்கும் கர்வம் எனக்கும் வந்தது.

பை மடிக்கும் மேசையில் மாகறலிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடம் போகாததால் முறையான சைகை மொழியும் தெரியாது. வீட்டில் அவர்களாகப் பழக்கிக்கொண்ட கைஜாடைதான். அதை முழுதாக அறிந்தவள் அவளுடைய நாத்தனார். அவளும் அதே வீடு, எங்களிடமே தையல் வேலை.

கல்யாணமாகி வந்த புதிதில் இவளை அந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை, ஊமச்சிதான். மாட்டுக் கொட்டகை ஓரமாகத் தட்டை வைத்துச் சோறு போட்டார்கள். வேலைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்குள் எல்லோரோடும் உட்கார வைத்துச் சாப்பாடு, பண்டிகைக்கு அவளுக்கும் ஒரு புடவை. வேலை போனால் மறுபடியும் கொட்டகைதான். இது அவளுக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இயக்குநர் கொடுத்த அடுத்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. "வேற வழி இல்லையா சார்?" என்று ஒரு தடவை கேட்டேன். இல்லை என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

விதிப்படி இருவரையும் என் அறையில் உட்கார வைத்து, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலை இல்லை என்று இங்கிலீஷ் கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். நாத்தனார் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பி வெகுநேரம் கையை அசைத்தாள். இவள் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாத்தனார் விதிப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இவளும் தனக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல்லான தன் பெயரை எழுதினாள்.

என்ன பக்குவம் என்று நெகிழ்ந்துபோனேன். 'கண்ணியமாக ஏற்றுக்கொண்டார்' என்று ஃபைலில் குறிப்பும் எழுதினேன். வேலை போகிறது என்று தெரிந்து ஒருத்தி சிரித்தால் எங்கோ கோளாறு என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. என் விதி அவ்வளவு நன்றாக நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முதல் தேதி காலை நான் உள்ளே நுழைந்தபோது, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, தன் மேசையில் உட்கார்ந்து பை மடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரை வெளியே கூப்பிட்டேன்.

"இன்னாம்மா சொன்ன அவகிட்ட அன்னிக்கு?"

முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "நல்லா வேலை செய்யறன்னு பாராட்டி லெட்டர் குட்த்துகீறாங்கன்னு சொல்லிட்டேன் மேடம்."

"ஏன்?"

"எப்பிடி மேடம் சொல்றது? எங்கம்மாவப் பத்தி உங்களுக்குத் தெரியாது. மாசம் முடியறதுக்குள்ள வேற எங்கனா சேத்து வுட்றலாம்னு சுத்திக்கினு இருந்தேன். ஒர்த்தரும் எடுக்க மாட்டேன்றாங்க. அவ இன்னாடான்னா தெருவுல எல்லார்கிட்டயும் அந்த லெட்டரக் காட்டிக்கினு திரியறா. இங்கிலீஷ்ல கீறதால ஒர்த்தருக்கும் புரியல. கவர் போட்டு சாமி படத்தாண்ட மாட்டி வெச்சிகீறா. எங்கம்மா அவளுக்குக் கோழி அடிச்சி ஆக்கிப் போட்டுச்சி மேடம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு ஒரு மாதம் எப்படித் தூங்கினாளோ. திட்ட வாயெடுத்தேன்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம், என்னால ஆவாது" என்று அழுதாள். என்னால் திட்ட முடியவில்லை.

எனக்கு எத்தனை ஜாடை தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். வா, உட்கார், சாப்பிட்டாயா, கையெழுத்துப் போடு, லீவு, சபாஷ். ஐந்து வருடத்தில் அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். அவள் எதிரில் போய் நின்று வெறும் கையை விரித்துக் காட்டினேன். பை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, எழுந்து போய் இன்னொரு கட்டைத் தூக்கி வந்தாள். வெட்கமாக இருந்தது.

வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தேன். புது மாதத்துப் பக்கம். பெயர்களை எல்லாம் நான்தான் எழுதியிருந்தேன். அவள் விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். மறுபடியும் மேலிருந்து ஓட்டினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, மறதிக்காரி என்பதுபோல என் நெற்றியில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் ஸ்கேலை வைத்து அந்தப் பெயரை அடித்தேன். மை காயாததால் கோடு இழுபட்டது.

கோட்டைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள்; நாத்தனார் நிமிரவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். அறையப்போகிறாள் என்று நினைத்தேன், அறைந்திருக்கலாம். அவள் தன் காதைத் தொட்டாள். குனிந்து என் காலிபரைத் தொட்டாள். நிமிர்ந்து இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்து, புருவத்தை உயர்த்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாதவள் போல நின்றேன்.