மஸ்டர் கிரவுண்டில் ஒரு குன்று

எங்கள் ஊரில் சமமான தரை கிடையாது. ஹோம்ஸ்டேயில் இரண்டு நாள் தங்கி மஞ்சோடு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது அழகு. எனக்கு அது ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் ஐம்பத்தெட்டுப் படி. கேரளப் பக்கம் வண்டிப்பெரியாறு தாண்டி மேலே வந்தால் தேயிலைக்கு நடுவே ஒரு பஸ் ஸ்டாண்ட், நாலு தெரு, ஒரு சர்ச், ஒரு பள்ளிவாசல், ஒரு அம்மன் கோயில். அவ்வளவுதான் ஊர் என்று இருந்தோம். இப்போது ஒரு சாண் இடம் மட்டமாகத் தெரிந்தால் போதும், மறுவாரமே அங்கே கம்பி நட்டுக் கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது என் வீட்டுக்காரர் விழுந்த பிறகுதான். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கல் கழிந்த வாரத்தில் குளியலறையில் விழுந்தார். ஸ்ட்ரோக். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி கொடுத்த பெண், என் மகள் வயதுதான் இருக்கும், வீட்டுக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது.

"அம்மா, தினமும் நடக்க விடணும். சமமான எடத்துல. மேடு பள்ளம் இப்ப வேண்டாம். மொத ஆறு மாசந்தான் முக்கியம். அதுக்குள்ள வாறதுதான் பெரும்பாலும் வரும்."

சமமான இடத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டுக்குள்ளேயே அடுப்படி ஒரு படி தாழ்ந்து இருக்கிறது. வாசலில் நின்றால் முன்னால் சரிவு, பின்னால் ஏற்றம். ஊர் முழுக்க யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு இடம் தேறியது. மஸ்டர் கிரவுண்ட். எஸ்டேட் நன்றாக நடந்த காலத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்த இடம். பிறகு பஞ்சாயத்து எடுத்து, நாலு சிமெண்ட் பெஞ்சைப் போட்டு, 'பார்க்' என்று போர்டு வைத்தது. புல்கூட ஒழுங்காகக் கிடையாது, வெறும் செம்மண். ஆனால் மட்டமாக இருந்தது. வேறென்ன வேண்டும்?

தினமும் சாயங்காலம் படியில் அவரை இரண்டு பேர் பிடித்து இறக்க, ஆட்டோவில் கூட்டிப்போவேன். முதல் வாரம் பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு. அடுத்த வாரம் பாதிச் சுற்று. மார்ச் முடிவதற்குள் கிரவுண்டை நாலு முறை சுற்றினார், என் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு நாள் கிரவுண்டுக்கு நடுவில் நின்றார். இடது கையால் என் கையை விலக்கிவிட்டார். நான் அடியை எண்ணினேன். பதினேழு அடி. பதினேழு அடி தனியாக நடந்து, திரும்பி என்னைப் பார்த்து, வாய் கோணச் சிரித்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை, ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை விஷுவுக்கு முந்தின வாரம் போனால் கேட்டில் கயிறு கட்டியிருக்கிறது. 'அழகுபடுத்தும் பணி நடக்கிறது, உள்ளே வரக் கூடாது' என்று மலையாளத்தில் ஒரு பலகை. உள்ளே ஒரு லாரி பின்பக்கத்தைத் தூக்கி மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. கிரவுண்டுக்குச் சரியாக நடுவில். நான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி கம்பம் ஊர்க்காரர்.

"என்னண்ணே, என்ன கட்டுறீக?"

"குன்றும்மா."

"என்னது?"

"குன்று. ஆறடி ஒசரம். மேல புல்லு புடிச்சிரும். ப்ளான்ல போட்டிருக்குல்லா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. "சுத்தி முத்தி கண்ணைத் தொறந்து பாத்தீகளா? எந்தப் பக்கம் திரும்புனாலும் மலை. இதுக்குள்ள மண்ணைக் கொண்டாந்து மலை கட்டச் சொன்ன புத்திசாலி யாரு?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. மேஸ்திரி பாவம், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஞ்சாயத்துல போய்க் கேளுங்கம்மா, எனக்கென்ன தெரியும்" என்றார்.

அந்தப் புத்திசாலியைக் கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று மறுநாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்தேன். சமவெளியில் உட்கார்ந்து படம் வரைந்த எவனோ என்ஜினியர் என்றுதான் நினைத்தேன். முப்பது வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள் நான். ஊரில் பாதிப் பேர் என்னிடம் உப்புமா தின்று வளர்ந்தவர்கள். அங்கே இருந்த கிளார்க்கும் அப்படித்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். நான் உட்காராமலே பொரிந்து தள்ளினேன். அவன் என்னைப் பேசி முடிக்கவிட்டான். பிறகு பீரோவிலிருந்து கிராமசபை மினிட்ஸ் புக்கை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, என் பக்கம் திருப்பி வைத்தான்.

"டீச்சரே, இது டீச்சர் தன்னே பறஞ்ஞதல்லே?"

நான்தான் சொல்லியிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய கிராமசபை. மலையாளத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நம் பிள்ளைகள் மலையில் பிறந்தும் ஒரு சரிவில் ஏறி உருள இடமில்லை. எல்லாச் சரிவும் தேயிலை, அதில் மருந்து அடிக்கிறார்கள், அட்டை கடிக்கிறது, காவல்காரர் விரட்டுகிறார். மஸ்டர் கிரவுண்ட் வெறும் மண்தரையாக யாருக்கும் உதவாமல் கிடக்கிறது. ஆகவே அங்கே புல் வைத்து ஒரு சிறு குன்று அமைத்துத் தர வேண்டும். கீழே என் கையெழுத்து. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போட்டு அழகாக முடித்திருக்கிறேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று எனக்குப் பெரிய கைதட்டல். மெம்பர், டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். என் வீட்டுக்காரரும் பின் வரிசையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தட்டினார். யாருக்கும் உதவாமல் கிடக்கிறதாம். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

அரசாங்கத்தில் எந்தக் காரியமும் நடக்காது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. நடக்கிறது. நான் கேட்டது அச்சுப்பிசகாமல் நடந்தது. கிளார்க் நல்லவன், ஓவர்சியரிடம் பேசி, குன்றைச் சுற்றி ஒரு நடைபாதை விடச் சொல்கிறேன் என்றான். மண் கொட்டியாயிற்று, அதைத் திரும்ப அள்ள இனி வழியில்லை என்றும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். விழுந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. "டீச்... சர்," என்றார். என்னைக் கேலி செய்ய வேண்டும் என்றால் மட்டும்தான் அவர் என்னை அப்படிக் கூப்பிடுவார். "சிரிங்க, நல்லாச் சிரிங்க. நாளைக்கு எங்க போய் நடப்பீக?" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஊரில் மிச்சமிருந்த மட்டமான இடம் அது ஒன்றுதான், பஸ் வந்துபோகிறது என்று முதலில் நான் கணக்கில் சேர்க்காதது. நாலு மணி பஸ் கிளம்பியதற்கும் நாலரை பஸ் வருவதற்கும் நடுவில் நடக்க வேண்டும். ஒரு கண்டக்டர் தினமும், "குமுளியா, குமுளியா?" என்று எங்களைக் கூப்பிடுவார். இல்லை என்று நானும் தினமும் சொல்வேன். ஹாரன் அடித்தால் இவர் உடம்பு தூக்கிப்போடும், கால் பின்னும், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஜூனில் மழை பிடித்தது. அதற்குப் பிறகு ஷெட்டுக்குள்ளே, குடையும் மூட்டையுமாக நிற்கிறவர்களுக்கு நடுவில், எட்டு அடி போனால் திரும்ப வேண்டும். அவர் என் கையை விலக்கிவிடவே இல்லை. ஜூலை பாதியில் ஆறு மாதம் முடிந்தது. அவருக்கும் கணக்குத் தெரியும்.

ஓணத்துக்குப் பார்க் திறந்தார்கள். நடைபாதை விட்டிருந்தார்கள், உண்மைதான். ஓடு பதித்து, மழைத் தண்ணீர் ஓட வேண்டும் என்று ஒரு பக்கமாகச் சரித்துக் கட்டியிருந்தார்கள். வலது காலை இழுத்து நடக்கிறவர் அதில் இரண்டு அடி வைத்தால் வேலிக்குள் போய் விழுவார். ஓவர்சியரிடம் என்ன கேட்பது? அவரிடம் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. எதைக் கேட்டாலும் செய்து தொலைத்துவிடுகிறார்கள்.

இவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். மெம்பர் மைக்கைப் பிடித்தார். இந்தக் குன்றை முதன்முதலில் கிராமசபையில் கேட்டவர் நம் டீச்சர், அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், மேலே வர வேண்டும் என்றார். மாட்டேன் என்று தலையாட்டினேன். என் முதுகில் யாரோ தள்ளினார்கள். இவர்தான், இடது கையால்.

"போ," என்றார்.

ஏறினேன். புது மண், செருப்பு வழுக்கியது. உச்சியில் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். நாலு மாதமாகச் சேர்த்துவைத்த வார்த்தை எல்லாம் என்னிடம் இருந்தன. என் காலடியில் பிள்ளைகள் புல்லில் உருண்டு கீழே போய், மறுபடி ஏறி வந்து, மறுபடி உருண்டார்கள். அந்த முகங்களில் ஒன்றுகூட என்னைத் திட்ட விடவில்லை. வாசல் கேட்டும் பெஞ்சும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்த்தபோதுதான் கவனித்தேன், நான் நின்றது அவர் என் கையை விலக்கிய அதே இடம். ஆறடி மண்ணுக்குக் கீழே அந்தப் பதினேழு அடி இருந்தது.

"நன்றி," என்று மட்டும் சொன்னேன்.

எல்லாரும் தட்டினார்கள். கீழே பெஞ்சில் அவரும் தட்டினார். வலது கை மடியில் கிடக்க, இடது கையால் தொடையில், எல்லாரும் நிறுத்திய பிறகும், என்னையே பார்த்துக்கொண்டு.