வூதி என்று ஒரு சொல் இல்லை

பொத்தேரியைக் கடக்கும்போது இப்போதும் என் உதடு தானாகக் குவிகிறது. அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருடம், சனிக்கிழமைதோறும், பகுதிநேரமாக மொழியியல் படித்தேன். கூடவே ஒரு அயல்மொழியும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஜெர்மன் எடுத்தேன். அதில் ஓர் உயிரெழுத்து உண்டு, நம்மிடம் கிடையாது. "உள்ளே ஈ என்று சொல்லுங்கள், உதட்டை மட்டும் ஊ என்று குவியுங்கள்" என்பார் ஆசிரியை. வங்கி ஊழியர், நர்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரர், முப்பத்தெட்டு வயதில் நான் என்று பன்னிரண்டு பேர் மீன் மாதிரி வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

வகுப்பில் என்னை விட்டுவிட்டுக் கூட்டிப்போவது என் கணவர். சிறுசேரியில் அலுவலக ஆட்களை ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டுகிறார். எனக்கும் அங்கேதான் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேனில்தான் தினமும் போய்வந்தேன். "இன்னா மேடம், இன்னிக்கும் லேட்டா? இது இன்னா உங்க வூட்டு வண்டியா?" என்று ஒருநாள் கேட்டார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. என் அப்பா திருக்கழுக்குன்றத்தில் தமிழாசிரியர். ழகரம் சரியாக வராத ஆளுக்குத் தண்ணீர்கூட யோசித்துத்தான் கொடுப்பார். நானோ வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், நான் அந்தப் பேச்சில் விழுந்துதான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

மகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் எனக்குள் இருந்த அப்பா எழுந்து உட்கார்ந்துகொண்டார். "வூடு இல்லீங்க, வீடு." "கீது என்ன கீது? இருக்குன்னு சொல்லுங்க." "குழந்தை முன்னாடி இன்னா கின்னான்னு பேசாதீங்க." சண்டையெல்லாம் கிடையாது. சரி சரி என்பார். கொஞ்ச நாளில் திருத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது. சொன்னால் கேட்கிற மனுஷன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அவருடைய பேச்சே குறைந்துபோனது என் கண்ணில் படவில்லை. சக டிரைவர்கள் யாராவது கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அதுவும் படவில்லை.

மொழியியல் வகுப்பில் ஒருநாள் பேராசிரியர் பலகையில் நான்கு சொற்களை எழுதினார்: பிடி, பிள்ளை, பெண், வீடு. பேச்சில் இவை என்னவாகும் என்று கேட்டார். புடி, புள்ள, பொண்ணு என்று மூன்றுக்கும் கத்தினோம். நான்காவதுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரே சொன்னார்: "வூடு." முன்னால் உதட்டில் பிறக்கிற ப, வ. பின்னால் நாக்கு மடங்கிப் பிறக்கிற ட, ண, ள. நடுவில் மாட்டிக்கொண்ட இ, ஈ, எ மூன்றும் உதட்டைக் குவித்துக்கொள்கின்றன. நான்குக்கும் ஒரே விதிதான். "மூன்றைச் சொல்லும்போது வராத வெட்கம் நான்காவதுக்கு மட்டும் ஏன் வருகிறது?" என்று கேட்டுவிட்டுப் பலகையை அழித்தார்.

அன்று காலையில்தான் மகளிடம் "நல்ல பொண்ணுல்ல, பையைப் புடி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஒரே மூச்சில் இரண்டு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்தப் பருவத்தில் ஏதாவது ஒரு வட்டாரப் பேச்சைக் கால் மணி நேரம் பதிவுசெய்து எழுதித் தர வேண்டும். ஆள் தேடி அலைய வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறார் என்று நினைத்தேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்து செல்போனை முன்னால் வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வணக்கம். நான் வேன் ஓட்டுநராகப் பணிபுரிகிறேன். எங்கள் வீடு செங்கல்பட்டில் இருக்கிறது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படி இல்லீங்க. எப்பவும் பேசற மாதிரி பேசுங்க."

"வீட்ல எப்பவும் இப்படித்தானே பேசறேன்?"

அதில் குத்தல் இல்லை. சந்தேகம்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மதிப்பெண் போனால் போகட்டும். வேனில் என்னைச் சிரிக்கவைத்த ஆளை நானே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டேனோ, இனி திரும்பி வரமாட்டாரோ என்று நிஜமாகவே பயந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் சதுரங்கப்பட்டினம் போனோம். டச்சுக்காரர் கோட்டைச் சுவரோரம் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். செல்போனில் பதிவை ஓடவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கும் தெரியும். கேட்டதற்கெல்லாம் பாடப்புத்தகம் மாதிரி பதில் வந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு நானே அவர் பேச்சைப் பேசிப் பார்த்தேன்.

"வெயிலு ஏறிகினே கீது. அந்த வூதி வழியா வூட்டுக்குப் போலாமா?"

"எது வழியா?"

"அதோ, அந்த வூதி."

முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "வூதியா? இன்னா மேடம் சொல்ற? வூடுன்னா வூடு. வீதின்னா வீதிதான். வூதின்னு எந்த ஊர்ல சொல்லிகினு கீறானுங்க? இதுகூட தெரில, சனிக்கெயம சனிக்கெயம போயி இன்னாத்த படிச்சிகினு வர்ற நீ?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீதியில் வருவது த. அதற்கு நாக்கு மடங்காது, ஆகவே உதடும் குவியாது. விதியை நோட்டில் எழுதிவைத்திருந்த நான் தப்பு செய்தேன். விதி என்று ஒன்று இருப்பதே தெரியாத அவருக்குத் தப்பு வரவில்லை. இத்தனை வருடம் நான் திருத்திக்கொண்டிருந்த மனுஷன் முதல்முறையாக என்னைத் திருத்தினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் நிறுத்தவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமல்லபுரத்தில் இறங்க வேண்டிய வெள்ளைக்காரரைக் கல்பாக்கம் வரை கொண்டுபோன கதை, அங்கே அவருக்கு நாஸ்தா வாங்கிக்கொடுத்துச் சமாதானப்படுத்திய கதை என்று வந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் வேண்டிய இடத்தில் முக்கால் மணி நேரம் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் பதிவைப் போட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்று கேட்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு, துணி மடித்துக்கொண்டிருந்த அவரிடம் போய், "அப்பா, இது நீயா?" என்று கேட்டாள்.

அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கும் முன்னால் இத்தனை வருடமும் இப்படித்தான் என்னைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"நான்தான் கண்ணு" என்றார். "இன்னா, சிரிப்பா கீதா?"