அக்குளில் ஒரு ஸ்க்ரூ

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் என் பக்கத்து அறையில் ஓர் ஆராய்ச்சிக்காரர் குடியிருந்தார். ஒடிந்த எலும்பைப் பிடித்துவைத்து, அது கூடியதும் உடம்பிலேயே கரைந்துவிடும் மெக்னீசிய ஸ்க்ரூ செய்துகொண்டிருந்தார். ஒல்லியான ஆள். உப்புத் தண்ணீர்க் குப்பியில் ஊறும் ஸ்க்ரூவுக்குத் தினமும் காலை வணக்கம் சொல்வார்.

ஒருநாள் கரண்ட் போனதும் என் கதவைத் தட்டினார். குப்பி அவர் அக்குளில் இருந்தது.

"ஹீட்டர் நின்னுபோச்சு. இது உடம்புச் சூட்டுலயே இருக்கணுங்க. ஜெனரேட்டர் கயிறு இழுக்க ரெண்டு கையும் வேணும். கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?"

"கையிலயா?"

"அக்குள்லங்க."

பத்து நிமிடம் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். திரும்பி வந்தவர் குப்பிக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துப் பதறினார்.

"ஐயோ, உங்களுக்கு ஜுரம்ங்க! சூடு ஜாஸ்தியானா சீக்கிரம் கரைஞ்சிடுமே!"

குப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் ஜுர மாத்திரையோடு வந்தார்.

"அடுத்த தடவ கரண்ட் போறதுக்குள்ள சரியாயிடுங்க" என்றார்.

அந்தக் கவலை எனக்காகவா, ஸ்க்ரூவுக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.