போஸ்டரில் இல்லாத ஆள்

தப்பைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். பிறவிக் குணமா, பிழைப்பு கொடுத்த குணமா தெரியவில்லை. துறைமுகத்துக்கு எதிரே உள்ள ஒரு கிளியரிங் ஏஜென்சியில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு எண் மாறிவிட்டால் கண்டெய்னர் நின்ற இடத்திலேயே நிற்கும், அது நகரும்வரை எனக்கு ஏச்சு விழும். வாரமெல்லாம் தப்புத் தேடுகிறவள் ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா இருக்கலாம். இருக்க மாட்டேன். உலகத்தின் பழைய குத்துச்சண்டைகளை ஆர்வலர்கள் சேர்ந்து பதிந்துவைக்கிற இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் நம் வடசென்னை வீரர்களின் பக்கங்களைத் திருத்துவதில்தான் என் ஞாயிறு கழியும்.

"எவனோ எப்பவோ குத்திக்கினதுக்கு நீ இன்னாத்துக்குக் குந்திகினு மார்க் போடுற?" என்று கேட்பார் என் வீட்டுக்காரர். சம்பளமா, சன்மானமா, ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் பக்கங்கள் கிடந்த கிடப்பைப் பார்த்திருந்தால் அவருக்கும் அரித்திருக்கும். பவுண்டில் இருந்த எடையை யாரோ கிலோ என்று ஏற்றிவிட்டதில், எண்ணூர்க்காரர் ஒருவர் யானைக்குட்டி எடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி இருவரை ஒரே ஆளாக்கி, அந்த ஒரே ஆளை ஒரே சாயங்காலத்தில் இரண்டு ஊர்களில் ஜெயிக்க வைத்திருந்தார்கள். ராயபுரத்தைத் தூக்கிக் கல்கத்தாவில் வைத்திருந்தார்கள். ஒரு மனிதன் மூக்கு உடைந்து சம்பாதித்த விஷயம் இது. எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டாமா?

போன வருஷம் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் மீன்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி அந்தத் தளத்தின் வழியாக என்னைப் பிடித்தார். அவருடைய அப்பா எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் பெரிய குத்துச்சண்டை வீரர். இன்றும் திருவொற்றியூரில் அவர் நடந்துபோனால் வயசானவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிடுவார்கள். அவருடைய பக்கத்தில் வெற்றிகள் வரிசையாக இருந்தன, நடுவில் ஒரே ஒரு தோல்வி. பெரம்பூர் மைதானத்தில், ரயில்வே தொழிற்சாலையில் வேலைபார்த்த ஒருவரிடம் புள்ளிக்கணக்கில் தோற்றதாக அன்றைய செய்தித்தாளை ஆதாரம் காட்டிப் பதிந்திருந்தார்கள்.

நான் கடைக்குப் போனபோது அந்த அம்மாள் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே பேசினார்.

"யக்கா, அந்தத் தேதி இன்னா தேதி தெரியுமா? நான் பொறந்த தேதி! எங்கம்மா பொழைக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, எங்க நைனா ராயபுரம் ஆஸ்பத்திரி வாசல்லியே கெடந்துகீறாரு. எங்க அத்தை என் ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் இத்தச் சொல்லி அழும். ஆஸ்பத்திரில கெடந்தவரு பெரம்பூருல போயி எப்டி தோப்பாரு?"

கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு சண்டையைச் சும்மா அழித்துவிட முடியாது. அந்தச் சாயங்காலம் ரிங் காலியாக இருக்கவில்லை. யாரோ ஒருவர் ஏறி, விழுந்து, எழுந்து, கடைசி மணிவரை நின்றதாகச் செய்தி சொல்கிறது. அவர் இல்லையென்றால் வேறு யார் என்று காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, அந்த வீரரே தன் வாயால் சொல்லவும் வேண்டும், அதுதான் தளத்தின் விதி. "எங்க நைனா சொல்லாம யாரு சொல்லுவா?" என்று அந்த அம்மாள் கத்தியைக் கழுவி வைத்தார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த ஞாயிறு மாலை திருவொற்றியூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிற வயசிலும் தோள் சரியவில்லை. நான் அந்த ஊர்க் குழந்தைகளைப் போல அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மகள் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் ஏறுனேன். நான்தான் தோத்தேன். போட்டுக்கீறது கரீட்டு. உடு."

"அப்போ என்னிய மொதல்ல கையில வாங்குனது யாரு நைனா?"

"நர்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். தன் வெற்றியைக் கூட்டிச் சொல்கிற வீரர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். தோல்வியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது? எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ் பிடித்து வந்தவளிடம் கொஞ்சமாவது உண்மை சொல்லலாம் இல்லையா!

அந்த நேரத்தில் இன்னொரு முதியவர் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தார். ஒல்லியான ஆள். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மகள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டார். ரத்த உறவு இல்லை, அப்பாவின் தோஸ்து. தினமும் சாயங்காலம் வருகிறவராம். நாங்கள் பேசியதன் கடைசிப் பகுதி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பஜ்ஜியைப் பிரித்து வைத்தார். பெரியவர் அவசரமாகக் கடல் உள்ளே வருவதைப் பற்றிப் பேச்செடுத்தார்.

நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒல்லிப் பெரியவர்தான்.

"நான்தாம்மா ஏறுனேன்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். தன் நண்பருக்குப் பயிற்சியில் அடி வாங்குகிற ஆள் அவர். அடி கொடுக்கிற ஆளாக ஒருநாளும் அவர் பெயர் போஸ்டரில் வந்ததில்லை.

"அப்பல்லாம் போஸ்டர் ஒட்டிட்டான்னா அந்தப் பேரு ரிங்குல ஏறியே ஆவணும்மா. கடலுக்குப் போய்ட்டான், காய்ச்சலு, சாவு, ஒண்ணும் பேசக்கூடாது. ஏறலன்னா நாக்காலி பறக்கும், ஒரே வாத்தியாருகிட்ட கத்துக்கின நம்ம பரம்பரைக்கே பேஜாரு. ஆளு வரலன்னா நம்ம பரம்பரைல எவனாவது ஒருத்தன் அந்தப் பேருல ஏறுவான். மைக்குல அந்தப் பேரைத்தான் சொல்வான். பார்க்குற ஜனத்துக்கு ஆளு யாருன்னு தெரியும். பேப்பர்க்காரன் போஸ்டரப் பாத்து எயுதிட்டுப் போய்டுவான்."

இத்தனை வருஷம் தப்புத் தேடியவளுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கவில்லை. எத்தனை பக்கங்களில் எத்தனை பேர் இப்படி இன்னொருவர் பெயருக்குள் ஒளிந்திருக்கிறார்களோ!

அன்று பொண்டாட்டியை விட்டு வர முடியாத நண்பனுக்காக இவர் ஏறியிருக்கிறார். எதிராளி இவரைவிட ஒரு தலை உயரம். மூன்றாம் ரவுண்டிலேயே மூக்கு போய்விட்டது. விழுந்து விழுந்து எழுந்தாராம். மறுநாள் தாயும் பிள்ளையும் பிழைத்த சேதியோடு நண்பர் ஓடி வந்து, வீங்கிக் கிடந்த இந்த முகத்தைப் பார்த்து அழுதிருக்கிறார். இந்தத் தோல்வி என்னுது, நீ தோத்தேன்னு ஒருத்தன் வாயும் சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறார். அந்தச் சத்தியத்தைத்தான் கொஞ்ச நேரத்துக்கு முன் என் எதிரிலும் காப்பாற்றினார். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ! இப்படியும் ஒரு சிநேகம் இருக்குமா!

"அப்டியே விட்டுடலாம்பா" என்றேன். "மாத்தினா உங்க பேருலதான் தோல்வின்னு வரும்."

அவர் சாய்ந்த மூக்கைத் தடவிக்கொண்டார். "அன்னிக்குப் பாத்தவன் எல்லாம் போய்ட்டாம்மா. நானும் ரிங்குல ஏறிக்கீறேன்னு டீக்கடையில சொன்னா, தாத்தா உதார் உடுதுன்னு பசங்க சிரிக்கிறானுங்க. போன்ல காட்டுன்றானுங்க. போன்ல அவன் பேருதான கீது? அத்தக் குடுன்னு நான் அவன்கிட்ட எப்டிக் கேக்குறது? எனக்கு நல்லது பண்றதா நெனச்சிகினு கீறான்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததும் போனது. ஒரு பெரிய மனசு இன்னொரு மனிதனின் வாழ்நாள் சொத்தைத் தெரியாமல் தன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறது. திறக்கச் சொல்ல வேண்டியவர் வாய் திறக்க மாட்டார். திறக்க வேண்டியவரோ, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறார். அவர் சொல்லாமல் விதிப்படி என்னால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இருவருக்கும் வயசு ஏறிக்கொண்டிருக்கிறது. சண்டை மூட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு பஜ்ஜி வரும் நேரமாகப் பார்த்துப் போனேன். இருவரும் இருக்கும்போதே, மகள் எதிரிலேயே, போட்டு உடைத்துவிட்டேன். பெரியவருக்கு முகம் சிவந்தது. நாற்காலியின் கையைக் குத்தினார், அது பாவம், பிளாஸ்டிக்.

"இன்னாம்மா நீ! நான் நெறைய ஜெயிச்சவன். ஒரு தோல்வி என்னிய இன்னா பண்ணும்? இவன் ஏறுனதே ஒரு தபா. அதுலயும் தோத்தான்னு உலகத்துக்கே போட்டுக் காட்டணுமா? நான் உயிரோட கீற வரைக்கும் நடக்காது."

ஒல்லிப் பெரியவர் பஜ்ஜிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஏறுனதே ஒரு தபாடா! அத்தயும் நீயே வச்சிகினு கீறியே!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் தன் நண்பரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு நாற்காலிக்குள் அப்படியே சின்னதாகிவிட்டது.

"இத்தினி வருசம் ஏண்டா சொல்லல?"

"நீ எனக்காக ஆசையா வச்சிகினு இருந்த. எப்டிப் புடுங்குறது?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். "எயுதிக்கோம்மா" என்றார். எங்கே இருந்தார், யார் ஏறினார், யார் தோற்றார் எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தேறிக்கொண்டே வந்தது. "உயுந்தான்னு மட்டும் போட்றாத. ஒவ்வொரு தபாவும் எயுந்துட்டான்னு சேத்துப் போடு" என்றார். பிறப்புச் சான்றிதழையும் இருவர் வாக்குமூலத்தையும் அனுப்பினோம். தளத்தில் சிறிது இழுத்தடித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஒல்லிப் பெரியவருக்கென்று ஒரு புதுப் பக்கம் திறந்தது. சண்டை ஒன்று, வெற்றி இல்லை, தோல்வி ஒன்று. அந்தப் பக்கத்தைப் பதிவேற்றும்போது நான் பட்ட சந்தோஷத்தை எந்த வெற்றியைப் பதிந்தபோதும் பட்டதில்லை.

மகள் எனக்கு ஒரு முழு வஞ்சிரம் கொடுத்தனுப்பினார். அன்று மட்டும் என் வீட்டுக்காரர் மார்க் போடுகிற வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்துத் திருவொற்றியூர் டீக்கடையில் இருவரையும் பார்த்தேன். இளவட்டங்கள் சிலர் பெரியவரைச் சூழ்ந்துகொண்டு, தோல்வியே இல்லாத அவர் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் வாங்கினார்.

"என்னுதுல இன்னா கீது, எல்லாம் ஜெயிச்சது" என்றார். "இவன் தோத்ததப் படிக்கிறேன், கேளுங்க."

ஒல்லிப் பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.