கடைசிப் பாத்தி

எண்ணூரைத் தாண்டியதும் பஸ் பழுதாகி நிற்கிறது. இறங்கி, சாலையோரக் கீரைத் தோட்டத்துக்குள் நடக்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த நிலம். எல்லோருக்கும் ஒரே மோட்டார், ஆளுக்கொரு பாத்தி.

அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் கொட்டிய மேட்டை ஒட்டியிருக்கும் கடைசிப் பாத்தியை மட்டும் யார் தலையிலும் நிரந்தரமாகக் கட்டுவதில்லை. ஒவ்வொரு விதைப்புக்கும் ஒருவர் முறை. இந்த முறை, இதையெல்லாம் எனக்குச் சொல்லும் கஸ்தூரி அக்காவுக்கு. இலைகளில் படிந்த சாம்பலைத் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். பாதிக் கீரை கருகிவிட்டது.

"இந்தப் பாத்திய மட்டும் சும்மா விட்டுடலாமேக்கா?" என்கிறேன்.

அவர் நிமிர்ந்து, பச்சையாக நிற்கும் பக்கத்துப் பாத்தியைப் பார்க்கிறார்.

"வுட்டுடலாம் நைனா. அப்பால அதான் கடைசி பாத்தி. அத்தயும் வுட சொல்லுவியா?"