மூடியில் ஒரு ஓட்டை

கோயிலுக்குப் போனால் நஞ்சப்பன் சாமியைக் கும்பிடுவதற்கு முன், கழற்றிவிட்ட செருப்பைத்தான் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார் என்று கேரள எல்லையோரம் வடகரப்பதிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. தோப்பில் தேங்காய் இறக்கும் நாளில் மேற்பார்வைக்கு ஓர் ஆள் வைப்பார். அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள் அகப்படவில்லையே என்று நாள் முழுக்க அவருக்குக் கவலை. மனிதர் கெட்டவர் இல்லை. அடுத்தவன் காய் ஒன்றைக்கூடத் தொட்டவரில்லை. சந்தேகப்படுவதைத்தான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் கைக்கு ஒரு பழைய டீசல் கார் வந்தது. மலைமேல் மறையூரில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் மருமகன் ஆனந்தகுமார், புதிது வாங்கியபோது பழையதை மாமனாருக்கு ஓட்டக் கொடுத்தான். கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சீக்கு வந்துவிட்டது.

விசித்திரமான சீக்கு. சாவியைத் திருகினால் முதல் திருகிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஊர் எல்லை தாண்டும்வரை ஒரு குறையும் இருக்காது. அப்புறம் மெல்ல மெல்ல இழுவை குறையும். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வேகம் ஏறாது. கடைசியில் இருமி இருமி நின்றுவிடும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும்.

முதல் சந்தேகம் பங்க் மேல் விழுந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் டீசல் விலை குறைவு என்பதால் அந்த ஊர்க்காரர்கள் சோதனைச்சாவடி தாண்டிப் போய்த்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். அவரும் அப்படித்தான். “தண்ணி கலக்கறானுங்க” என்று முடிவுகட்டி, கேரளத்துப் பம்பில் கூடுதல் காசு கொடுத்துப் போட்டுப் பார்த்தார். போட்டதும் வண்டி பறந்தது. “பாத்தியா, நாஞ் சொன்னனல்ல?” என்று மனைவி பெரியம்மாளிடம் அவர் பெருமை பேசி முடிப்பதற்குள் பழையபடி இருமியது.

அடுத்தது பொள்ளாச்சி மெக்கானிக். அவர் டேங்கைத் திறந்து பார்த்து, டீசல் பில்டரை மாற்றி, குழாயெல்லாம் ஊதிச் சுத்தம் செய்து கொடுத்தார். ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும்போது வண்டி புதுசுபோல இருந்தது. கோபாலபுரம் வருவதற்குள் நின்றது. நல்ல சாமானை உருவிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிட்டான் என்று நஞ்சப்பன் ஊரெல்லாம் சொன்னார். மூன்றாவதாகத் தோட்ட வேலை பார்க்கும் காளிச்சாமி. டேங்கில் சர்க்கரை போட்டாயா என்று கேட்டதும், அந்த மனிதன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனவன்தான். பிறகு வரவே இல்லை.

“ஏனுங்க, இப்படியே போனா ஊட்டுல நானும் நீங்களுந்தான் மிச்சம்” என்றாள் பெரியம்மாள்.

அவர் அவளையும் ஒரு மாதிரித்தான் பார்த்தார்.

இந்தச் சமயத்தில்தான் மகள் அனுப்பிரியாவுக்கு ஏழு மாதம் ஆயிற்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஒரே பெண். ஆறு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. பெரியம்மாள் உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டுத் தயாராக இருந்தாள். நஞ்சப்பனுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. வாடகைக் கார் பிடிக்கலாம் என்று அவள் சொன்னதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எவனோ ஒருவனை நம்பி வயிற்றுப்பிள்ளைக்காரியை மலையிறக்குவதா? சொந்த வண்டியிலேயே இருவரும் கிளம்பினார்கள்.

சின்னாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி தன் வேலையைக் காட்டியது. வளைவுக்கு வளைவு நின்றது. ஓரிடத்தில் சாலை நடுவே யானைச் சாணம், ஆவி அடங்காமல் கிடந்தது. பெரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். நஞ்சப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். பங்க்காரன் இல்லை, மெக்கானிக் இல்லை, காளிச்சாமி போயே போய்விட்டான். அப்படியானால் மிச்சம் யார்? சட்டென்று எல்லாம் பொருந்தி வந்தது. ஓடுகிற வண்டியை எவனாவது சும்மா கொடுப்பானா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவர் கண்ணுக்கு அன்றைக்கு மருமகன்தான் பேய்.

மறையூரில் வாசலுக்கு வந்து, “வாங்க மாமா, வாங்க அத்தை” என்று ஆனந்தகுமார் கும்பிட்டான். அவனுடைய அம்மா செம்பில் தண்ணீரோடு நின்றாள். அனுப்பிரியா பெட்டியைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றாள். நஞ்சப்பன் தண்ணீரை வாங்கவில்லை.

“ஓடாத வண்டியத் தலைல கட்டிட்டீங்களே மாப்ள. தெரிஞ்சுதானுங்களே குடுத்தீங்க?”

“என்னங்க மாமா சொல்றீங்க?”

“மாடு வாங்கறப்பப் பல்லப் புடிச்சுப் பாக்கறவன் நானு. வண்டிய வாங்கறப்பவும் பாக்கல. பொண்ணக் குடுக்கறப்பவும் பாக்கல.”

பெரியம்மாள் “அய்யோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தியம்மாள் செம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனந்தகுமாருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நிதானமாகத்தான் கேட்டான். “கிளம்பறப்ப நல்லா இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“டீசல் போட்டா கொஞ்ச தூரம் ஓடுதுங்களா?”

“ஓடுது.”

“டேங்க் சாவியக் குடுங்க மாமா.”

சாவி அரைஞாண் கயிற்றில் இருந்தது. அதை அவிழ்த்துக் கொடுக்க நஞ்சப்பனுக்கு மனமில்லை. குனிந்து தானே மூடியைத் திருகினார். ‘புஸ்ஸ்’ என்று சத்தம் வந்தது. டேங்க் காற்றை உள்ளே இழுத்த சத்தம் அது. ஆனந்தகுமார் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். நடுவில் சாம்பல் நிறத்தில் எம்சீல் பசை அப்பியிருந்தது.

“இதை யாருங்க மாமா அடைச்சது?”

“நாந்தான். எவனோ மூடில ஓட்டை போட்டு வெச்சிருந்தான். டீசல் திருடறதுக்கு.”

ஊசி மட்டுமே நுழையக்கூடிய ஓட்டை. அதன் வழியாக ஒரு சொட்டு டீசலைத் திருடவும் எவனாலும் முடியாது. டேங்க் மூச்சு விடுவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்தது அது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடமாகி, எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. மூடியைத் திறக்கிறபோதெல்லாம் காற்று புகுந்து வண்டி பிழைத்துக்கொண்டது. இதை ஆனந்தகுமார் சொல்லச் சொல்ல நஞ்சப்பனின் காது சுட்டது. பங்க்காரன், மெக்கானிக், காளிச்சாமி என்று ஒவ்வொரு முகமாக வந்து முன்னால் நின்றது. வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் அவர் பட்டதில்லை.

மருமகன் எம்சீலைச் சுரண்டி எடுத்து, ஓர் ஊசியால் ஓட்டையைக் குத்திவிட்டான். வீட்டுக்குள்ளே பார்த்து, “அம்மா, டீசல்ல கசடுங்க, அவ்வளவுதான். மாமா மேல தப்பில்ல” என்று உரக்கச் சொன்னான்.

எதற்காக நமக்குப் பரிந்து பேசுகிறான், என்ன எதிர்பார்க்கிறான் என்று நஞ்சப்பனின் மனசு அப்போதும் ஒருதரம் கேட்டது. கேட்டது அவர் முகத்திலும் தெரிந்துவிட்டது. அனுப்பிரியா அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் தன் பெட்டியைத் தூக்கித் திரும்ப வீட்டுக்குள் வைத்தாள்.

“நான் வரலீங்கப்பா. இங்கயே பெத்துக்கறனுங்க.”

“அம்மிணி, வாய் தவறிச் சொல்லிட்டன் கண்ணு…”

“கோவத்துல சொல்லலீங்க. கொழந்த பொறந்தா நீங்க வந்து தொட்டில எட்டிப் பாப்பீங்க. யாரு சாயல்ன்னு தேடுவீங்க. அப்ப உங்க மூஞ்சிய என்னால பாக்க முடியாதுங்கப்பா.”

அப்படித் தேடமாட்டேன் என்று சத்தியம் செய்ய அவருக்கே தன் மேல் நம்பிக்கை இல்லை.

பெரியம்மாள் மகளோடு தங்கிவிட்டாள். நஞ்சப்பன் மட்டும் மலை இறங்கினார். கண்ணீர் மறைத்ததில் இரண்டு இடத்தில் அவராகவே வண்டியை நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் என்று வழி நெடுக வண்டி குதிரைபோல இழுத்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. மலையிலேயே எங்காவது நின்று தொலைத்திருந்தால், மகள் வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.