மூன்று விசில்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சொன்னால் எனக்குத்தான் கேடு. முயல் வேட்டை சட்டப்படி குற்றம். அது தெரிந்தே போனவன் நான். அதனால்தான் ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. இதில் வரும் நேரமெல்லாம் போனைப் பார்த்துக் குறித்தவை; ஆஸ்பத்திரிச் சீட்டும் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னான்? எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

என் பெயர் மருது. திருநகரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடையை விட்டால் நாய்தான் எனக்குப் பைத்தியம். பேரையூர்ப் பக்கம் ஒரு கன்னி நாய் விலைக்கு வருகிறது என்று புரோக்கர் ஒருவன் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். கன்னி என்பது எங்கள் பக்கத்து வேட்டை நாய். கறுப்பு உடம்பு, ஒட்டிய வயிறு. முயலைக் கண்ணால் பார்த்தே விரட்டும்.

வீடியோவில் ஒரு ஆள் பொட்டல் காட்டில் நின்று விசிலடிக்கிறார். இரண்டு நீளம், ஒன்று குட்டை. எங்கோ புதருக்குள்ளிருந்து நாய் பாய்ந்து வந்து அவர் கால்களுக்கு நடுவில் புகுந்துகொள்கிறது. அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். ஓட்டத்தில் போகிற நாயைத் திருப்பிக் கூப்பிடுவதுதான் வேட்டையில் பெரும்பாடு. இது என்னடா என்றால் விசிலுக்கே வருகிறது!

வாங்கி வந்து வீரி என்று பெயர் வைத்தேன். நான்கு மாதம் பழக்கினேன். காலையில் கம்மங்கூழும் மோரும். சாயங்காலம் கண்மாய்க் கரையில் பைக்குக்குப் பின்னால் ஓட்டம். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டு அதே விசிலைக் கற்றுக்கொண்டேன். அடித்தால் போதும். எங்கிருந்தாலும் ஓடி வந்து என் கால்களுக்கு நடுவில் புகுந்து நடுங்கும். விசுவாசம் என்று நினைத்தேன். மடையன்.

போன வருஷம் வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி அஸ்வினியின் தம்பி சிவபாண்டியும் கூட வந்தான். அவனுக்கு ஆனியில் கல்யாணம். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அஸ்வினிக்கு இஷ்டமே இல்லை.

"கல்யாணத்த வச்சுக்கிட்டு முள்ளுக்காட்டுல என்ன வேலை? அவனுக்கு ஒண்ணு ஆச்சு, நான் வீட்டுல இருக்க மாட்டேன், பாத்துக்கங்க."

"ஒம் தம்பியக் கடிச்சா தின்னுறப் போறேன்? போடீ" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினேன்.

பேரையூர் தாண்டி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் ஒரு தரிசு. நாய் இந்தப் பக்கத்து நாய், பழகிய மண்ணாக இருக்கும் என்று நானேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். 10:50-க்குப் பைக்கை நிறுத்தினோம். வீரி இறங்க மறுத்தது. பைக்கின் மேலேயே உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கினேன்.

சிவபாண்டி கம்பால் புதரைத் தட்டிக்கொண்டு கிழக்கே போனான். நான் மேற்கே நாயோடு நின்றேன். 11:35. ஒரு முயல் கிளம்பியது. பட்டையை விட்டேன். அப்படி ஒரு ஓட்டம்! முயலும் நாயும் முள்ளுக்குள் மறைந்தன. ஐந்து நிமிஷம் ஆயிற்று. சத்தமே இல்லை. நாக்கை மடித்து விசிலடித்தேன். இரண்டு நீளம், ஒன்று குட்டை.

வீரி வந்துவிட்டது. வாயில் முயல் இல்லை. காதுகள் பின்னால் ஒட்டியிருந்தன. கால்களுக்கு நடுவில் புகுந்து என் பேன்ட்டிலேயே ஒன்றுக்குப் போனது.

அப்போதுதான் கேட்டது. வடக்கே, புதருக்குப் பின்னாலிருந்து... இரண்டு நீளம், ஒன்று குட்டை.

சிவபாண்டி நக்கல் பண்ணுகிறான் என்று எனக்குக் கோபம் வந்தது.

"ஏய் மாப்ள! வெளாடாத!"

"என்னா மச்சான்?" என்று குரல் வந்தது. கிழக்கேயிருந்து. தூரத்தில் அவன் கையைத் தூக்கிக் காட்டினான்.

அப்படியானால் வடக்கே இருப்பது யார்? வேறு வேட்டைக்காரனாக இருக்கும். என் நாயைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறானோ? எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் நிற்குமே. வேண்டுமென்றே இன்னொரு முறை அடித்தேன்.

பதில் வந்தது. இந்த முறை பக்கத்தில்.

காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. வெயில் மட்டும் கொதித்தது.

கிழக்கே பார்த்தேன். சிவபாண்டி நடந்துகொண்டிருந்தான். என்னை நோக்கி இல்லை. வடக்கே.

"மாப்ள! அங்கிட்டு எங்க போற?"

"வாரேன் மச்சான்... வாரேன்..."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

12:04. போன் போட்டேன். எடுத்தான்.

"எதுக்கு மச்சான் போன் பண்றீங்க? எதுத்தாப்லதான நிக்கிறீங்க?"



"டேய்! அது நான் இல்லடா! நில்லுடா!"

போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் கல் சரியும் சத்தம்.

ஓடினேன். முள் கிழித்தது தெரியவில்லை.

ஒரு பாழுங்கிணறு. சுற்றுச்சுவர் இல்லை. அவன் இடுப்புவரை கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் ஒரு வேரைப் பிடித்திருந்தான்.

"மச்சான்... இழுக்குறான்... மச்சான்..."

குப்புறப் படுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

ஒல்லிப் பையன் அவன். ஆனால் இரண்டு ஆள் கனம் கனத்தான்.

கீழே எட்டிப் பார்த்தேன். இருட்டு.

அந்த இருட்டுக்குள்ளிருந்து...

இரண்டு நீளம்.

ஒன்று குட்டை.

என் கை வழுக்கியது. "விட்டுருடா! எங்க வீட்டுப் பிள்ளைடா!" என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று கேட்காதீர்கள்.

அப்போது வீரி வந்தது. அவ்வளவு பயந்து கிடந்த நாய்! அவன் சட்டைக் காலரைக் கவ்விப் பின்னங்கால்களை ஊன்றி இழுத்தது. இரண்டு பேரும் இழுத்தோம். சட்டென்று கனம் குறைந்தது. மூன்று பேரும் மல்லாந்து விழுந்தோம்.

12:17. போனை அப்போதுதான் பார்த்தேன்.

திருமங்கலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வலது கணுக்கால் எலும்பு நசுங்கி முறிந்திருந்தது. "எந்த மெஷின்ல மாட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார். அஸ்வினி வந்து எல்லார் முன்னாலும் என் சட்டையைப் பிடித்தாள். வாங்கிக்கொண்டேன்.

கட்டுப் போட்ட பிறகு சிவபாண்டி மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், உள்ள ஒருத்தன் பேசுனான். ரொம்பக் கோவமா. 'ரெண்டு நாளா கத்துறேன், இப்பத்தான் வர்றீகளாடா'ன்னான். என்னா மச்சான் ரெண்டு நாளு?"

வெளியே வந்து புரோக்கரை நாலு வார்த்தை கிழித்து, நாயின் பழைய சொந்தக்காரர் நம்பரை வாங்கினேன். பெயர் ராஜபாண்டி. 4:40-க்குப் பேசினேன். நடந்ததையும் நடந்த இடத்தையும் சொன்னேன்.

"விசிலடிச்சீகளா? அடிக்கக் கூடாதுன்னு புரோக்கர்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே..."

"வீடியோல நீங்க விசிலடிச்சுத்தான நாயக் கூப்பிட்டீங்க?"

"நாய நான் கைதட்டித்தாண்ணே கூப்புடுவேன். அந்த விசில் என் தம்பி கருப்புக்கு. காட்டுல நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் அடிச்சுக்கிறது. அன்னைக்கு மொசலு பின்னாடி போனவன் திரும்பல. நாயி மட்டும்தான் வந்துச்சு. தேட வந்த பயக எவனோ அத வீடியோ எடுத்து குரூப்புல போட்டுட்டான்."

"தம்பி...?"

"மூணாம் நாளு அந்தக் கெணத்துலதான் எடுத்தோம்."

அவர் அழுதுகொண்டே சொன்னார்.

"அறுத்துப் பாத்த டாக்டரு சொன்னாருண்ணே, விழுந்ததும் சாகலையாம். ரெண்டு நாளு உசுரோட கெடந்திருக்கான். ஆழத்துலருந்து அவன் கத்துனது மேல கேக்கவே இல்லண்ணே. அந்த ரெண்டு நாளும் நான் முப்பதடி தள்ளி நின்னுதான் விசிலடிச்சிருக்கேன்."